உன் அறையில் மூன்று தலையணை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பால் நலம், மனசால் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். உன் அப்பா எப்போதும்போல் நலம், சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நலம், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நீ நன்றாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்தது, ஆனால் மூக்கடைப்பு இன்னும் விடவில்லை, மறைக்காதே, எனக்குத் தெரியும். போனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது, நான் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், இதெல்லாம் அவர் எதிரில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. அதோடு உன் அறையைப் பற்றி ஒரு முடிவு எடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல். கோபப்படுவதானால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

என் மணிக்கட்டு வலியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கல்யாணமான புதிதிலிருந்து நம் குஷன் கடையில் நான் இழுப்பேன், உன் அப்பா அடிப்பார். சோபாவுக்குத் துணி மாற்றும்போது ஒருவர் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் ஆணி அடிக்க முடியும், நீயே சின்ன வயதில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அவர் ஒரு கை நிறையச் சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும் மனுஷனிடம் என்ன பேச முடியும், நான் ஊர்க்கதையெல்லாம் சொல்வேன், அவர் ம் என்பார். தலையை ஆட்டினால் இழு என்று அர்த்தம், புருவத்தைத் தூக்கினால் விடு என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்தத் தலையிலும் புருவத்திலும்தான் நடந்திருக்கிறது. நானும் ஆணிதான் காரணம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன். டாக்டர் இனிமேல் துணி இழுக்கக் கூடாது, இழுத்தால் கை போய்விடும் என்று மிரட்டி மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்ட பிறகு நான் வீட்டோடு இருந்துவிட்டேன், மதியம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி.

எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடி வந்தார்கள் என்று போனில் சொன்னேனே, அவர்களைப் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் தங்கவைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஆள், நாற்பது வயது இருக்கும், பஸ் ஸ்டாண்டுக்கு நம் கடை வழியாகத்தான் தினமும் போவான் வருவான். ஒரு நாள் உன் அப்பா தனியாக ஒரு பெரிய சோபாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம், துணியின் ஒரு நுனியை முட்டியால் அழுத்தி இன்னொரு நுனியைக் கையால் இழுத்து, அதைப் பார்த்து அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து மறுநுனியைப் பிடித்திருக்கிறான். அவன் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவனுக்குப் புரியாது. அவன் அங்கே பஸ் ஓட்டினவன் என்று கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டிப் புரியவைத்ததால் உன் அப்பா அவனுக்கு டிரைவர் என்றே பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவன்தான் இழுப்பது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்கும்போது என் இடத்தில், நான் நின்று நின்று தரையில் சிமெண்ட் வழவழப்பாகிப்போன அதே இடத்தில், இன்னொரு ஆள் நிற்கிறான்.

சரி, உதவிக்கு ஒரு ஆள் கிடைத்தது, நல்லதுதானே என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு மதியம் போனபோது பார்த்தேன், உன் அப்பா வாயிலிருந்து ஆணிகளையெல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டு அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். துப்பிவிட்டு, குட்டி! எனக்காக ஒரு நாளும் துப்பாத ஆணிகள். அவர் தமிழில் மடமடவென்று எதையோ சொல்ல, அவன் அவன் பாஷையில் பதில் சொல்ல, ஒரு எழுத்துப் புரியாமல் இருவரும் தலையைத் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். பாஷை தெரிந்த என்னிடம் பேசினால் இவர் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும், பாஷை தெரியாதவனிடம் அருவியாகக் கொட்டுகிறார். நான் போனதும் இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளைகள் மாதிரி நின்றார்கள் பார், அப்போது என் காதில் புகையே வந்துவிட்டது. நான் கொண்டுபோகிற சாப்பாட்டில் சரிபாதி அவனுக்கு. அவன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமே, தட்டைக் கழுவவே வேண்டாம், அப்படி வழித்துச் சாப்பிடுவான். சமைப்பவள் நான், நன்றாயிருக்கிறது என்று கண்ணால் சொல்வது உன் அப்பாவிடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பல் டாக்டரிடம் வருகிறவர்கள் காத்திருக்கும் அறைக்கு நீலமும் வெள்ளையுமாக வரி போட்ட துணியில் ஒரு சோபா. வரித்துணி இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேள், ஒரு விரல் கூடுதலாக இழுத்தால் வரி கோணிக்கொள்ளும். நான் கோணவிட்ட நாளெல்லாம் உன் அப்பா வாயைத் திறக்க மாட்டார், ஆணி அத்தனையையும் பிடுங்கி என் முன்னால் போட்டுவிட்டு மறுபடி பிடி என்று தலையை ஆட்டுவார், எனக்கு அழுகை வரும். இந்த டிரைவர் பஸ் பிரேக்கைப் பிடிக்கிற மாதிரி இழுத்ததில் அந்த வரி ஆற்று மேட்டுச் சாலை மாதிரி வளைந்துபோயிற்று. உன் அப்பா பார்த்தார், சுத்தியலைக் கீழே வைத்தார், காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து வளைவில் திருப்புவதுபோல் உடம்பைச் சாய்த்துக் காட்டினார். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இவரே தனியாக ஆணி எல்லாவற்றையும் பிடுங்கினார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தூக்கை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த வயதில் ஒரு ஆம்பிளையைப் பார்த்துச் சக்களத்தி மாதிரி பொறாமைப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் பட்டேன். உனக்கு என் குணம் தெரியும். நீ வேலைக்கு அந்த ஊருக்குப் போன புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது உன் வீட்டுக்காரம்மா சூப் வைத்துக் கொடுத்தார்கள், அந்தச் சூப் மாதிரி வாழ்க்கையில் குடித்ததில்லை என்று எழுதினாயே, அந்த அம்மா நன்றாக இருக்கட்டும், ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் இந்த ஜனங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள், பெரிய மூக்குக்கண்ணாடி, இரண்டு பாஷையும் பேசுவாள், கண்ணாடிக்காரி என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்கிறோம். அவள் ஒரு நாள் வீடு தேடி வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்களாம், ஹாலைக் காலி செய்ய வேண்டுமாம், யாராவது குடும்பம் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தால் அவர்கள் இந்த ஊரிலேயே இருக்கலாம், இல்லாதவர்களைத் தூரத்தில், ஒரு பகல் பயணத்துக்கும் மேலே இருக்கும் முகாமுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். டிரைவருக்கு ஒரு அறை கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முகாமிலும் கூரை இருக்கும் சாப்பாடு இருக்கும்தானே என்று நான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எல்லையில் கூட்டத்தில் அவன் பெண்டாட்டியும் நாலு வயது மகளும் ஒரு லாரியில் ஏற, அது நிறைந்துவிட்டது என்று அவனை இன்னொரு லாரியில் தள்ளியிருக்கிறார்கள், இந்த லாரி எங்கே போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவன் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அங்கே வந்துவிடு, அங்கே நிற்பேன் என்று கத்தியிருக்கிறான். அவள் காதில் விழுந்ததா என்பது அவனுக்கே தெரியாது. அதனால்தான் வெளியூர் பஸ் வரும் நேரமெல்லாம் ஸ்டாண்டில் போய் நிற்கிறான். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டால் அவர்கள் வந்து தேடும்போது இருக்க மாட்டான், அவ்வளவுதான் விஷயம் என்றாள்.

உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது, அவர் வரட்டும், கலந்து பேசிச் சொல்கிறோம் என்றுதான். வீட்டு அம்மா வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டோம், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள், வண்டி வரப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பாவிடமும் கடையில் சொல்லிவிட்டேன் என்று வாசலில் திரும்பிச் சொன்னாள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. என் கண்ணைப் பார்த்து, இப்படி ஒரு விஷயம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டால் போதும். சாப்பிட வந்தார், கேட்பார் என்று பார்த்தேன், உப்பு எங்கே என்று கேட்டார். பாத்திரத்தை டமால் என்று வைத்துப் பார்த்தேன், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தேன், மனுஷன் அசையவில்லை. அவனிடம் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்க்கு என்னிடம் இதைக் கேட்க வரவில்லை என்றால் என் வீட்டில் நான் யார்? சரி, கேட்காதவருக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும், நானே நேரில் போய் எங்கள் வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உண்மையாகவே அதைச் சொல்லத்தான் போனேன் குட்டி.

நீ ஓடியாடி விளையாடின ஹால் அது, இப்போது பார்த்தால் அடையாளமே தெரியாது. கால் வைக்க இடம் இல்லை, சுவரோடு சுவராக விரிப்புகள், நடுவில் கயிறு கட்டித் துணி காய்கிறது, ஒரு குழந்தை அழுதால் இன்னொன்று அதற்குப் பதில் சொல்கிறது. கண்ணாடிக்காரி யாரையோ சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தாள், நான் நின்றேன். அந்த நெரிசலில் மேடைக்குப் பக்கத்து மூலையில் மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஒரு பழைய போர்வை ஒருவர் படுக்கிற அளவுக்கு விரித்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு பாவாடை அகலத்துக்குச் சின்னதாக ஒன்று, சுருக்கமே இல்லாமல். சுவர் ஓரத்தில் ஒரு ஆள் முழங்காலை மடக்கினால்தான் முடங்க முடிகிற அளவுக்கு மூன்றாவது. இது யாருடையது என்று கேட்டேன். டிரைவருடையது, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார் என்று கண்ணாடிக்காரி அங்கிருந்தே சொன்னாள். பெண்டாட்டிக்கும் மகளுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறாராம். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்குக் காலை நீட்ட இடம் போதவில்லை, ராத்திரி கொடுக்கிற ரொட்டியில் தன் பங்கை அந்த அம்மாவுக்குக் கொடுத்துத்தான் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாராம். என் சாப்பாட்டை அவர் ஏன் அப்படி வழித்துச் சாப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த அவமானத்தில் கையில் இருந்த பையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் நான் பாதி மனசோடுதான் திரும்பியிருப்பேன். அந்த விரிப்புகளின் தலைமாட்டில் இரண்டு தலையணை இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று உள்ளங்கை மாதிரி சின்னது. நீலமும் வெள்ளையும், பல் டாக்டர் சோபாவுக்கு வந்த துணி. குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். உன் அப்பா தையல் எனக்குத் தெரியாதா, மூலைக்கு மூலை இரண்டு தடவை ஊசியைத் திருப்பி வாங்குவார். வராத ஒரு பெண்ணுக்கும் பார்க்காத ஒரு பிள்ளைக்கும் உட்கார்ந்து தலையணை தைத்திருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அது வேறு மாதிரி இருந்தது. டிரைவர் மேல் இருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எந்த ஊரில் எந்த வரிசையில் நிற்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ, முகம்கூடத் தெரியாத அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமை. ஒருத்திக்காக ஒருவர் பட்டினி கிடந்து தரையில் ஆறடி இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவள் வந்து இறங்கும்போது அந்த மனுஷன் ஊரில் இல்லாமல் போவதற்கு நான் காரணமாக இருந்தால், அப்புறம் என் தலையை எந்தத் தலையணையில் வைப்பது?

கண்ணாடிக்காரி வந்து, யோசித்தீர்களா அம்மா, ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டாள். “ஒரு ஆளுக்கு இல்ல, மூணு பேருக்கு இருக்கு” என்று சொன்னேன். என் மகள் அறை மாடியில் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, கட்டில் அகலம், ஜன்னலைத் திறந்தால் பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும் என்றெல்லாம் கேட்காததையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

நேரே கடைக்குப் போனேன். உன் அப்பா வாயில் ஆணியோடு ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். நான் சம்மதம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றேன். சுத்தியலை வைத்துவிட்டு வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். என்னை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். “நீ மாட்டேன்னு சொல்லிட்டா, அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன், உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அதான் பயந்துட்டேன்” என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின ஆளுக்கு என்னைப் பார்த்துப் பயமாம், கேட்டுக்கொள். நீங்கள் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல், இப்படி நாமும் ஒரு கூட்டத்தில் பிரிந்துபோனால் நீங்கள் எனக்காகப் பஸ் ஸ்டாண்டில் நிற்பீர்களா என்று கேட்டேன். நீ எந்தக் கூட்டத்துக்குப் போகப் போகிறாய், மார்க்கெட்டுக்குப் போகவே ஆட்டோ கேட்கிறாய் என்றார். எப்படி இருக்கிறது பார். அவ்வளவு பெரிய கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் மறுநாள் காலையில் என் பின்னாலேயே மாடி ஏறி வந்து, நான் சொல்லாமலே உன் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டார்.

இப்போது டிரைவர் தம்பி நம் வீட்டில்தான் இருக்கிறார். கொண்டுவந்தது ஒரு பையும் அந்த இரண்டு தலையணையும். மாடி அறை வாசலில் வந்து நின்றவர் கட்டிலைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை, கீழே இறங்கிப் போய்க் குழாயில் கை கால் முகமெல்லாம் கழுவிக்கொண்டு வந்தார். சின்னத் தலையணையைச் சுவர்ப் பக்கம் வைத்தார், பிள்ளை உருண்டு விழாமல் இருப்பதற்காக. நடுவில் பெரியதை வைத்தார். ஓரத்தில் நான் உன் பழைய தலையணையை வைத்தேன். என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, நானும் தலையை ஆட்டினேன், அதன் பிறகு நானும் நம் பாஷையில் நிறையச் சொன்னேன். பதிலுக்கு ம் போடாமல் முழுசாகக் கேட்கிற ஒருவரிடம் பேசுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா, உன் அப்பா இவரிடம் பேச ஏன் ஆணியைத் துப்பினார் என்று கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் ஆகிவிட்டது போல, உன் அப்பா படியில் வந்து நின்று இருமினார். இருமட்டும். அவருக்கும் கொஞ்சம் காதில் புகை வரட்டும்.

பொறாமை எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதே. சாயங்காலம் பஸ் வரும் நேரத்தில் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து வயிறு எரியும். திரும்பி வரும்போது தனியாக வருவார், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், நான் ஒன்றும் கேட்காமல் தட்டை வைப்பேன். அந்த நேரத்தில் மட்டும் என் எரிச்சல் எல்லாம் பயமாக மாறிவிடுகிறது. அவள் வந்துவிட்டால் போதும், வந்த பிறகு என் அடுப்பங்கரையில் மூக்கை நுழைத்தால் அவளோடு சண்டை போட்டுக்கொள்கிறேன், அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. உன் துணிமணியெல்லாம் பெட்டியில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஒன்றும் தொலையாது. நீ விடுமுறைக்கு வந்தால் என்னோடு படுத்துக்கொள், உன் அப்பா கூடத்தில் படுக்கட்டும். உன் அறையை நீ கேட்டால் கொடுக்க என்னிடம் இல்லை, அதற்காக என்னை மன்னிக்கச் சொல்லமாட்டேன், உன்னையும் ஒரு ஊரில் ஒருத்தி கதவைத் திறந்து உள்ளே விட்டாள்தானே. அந்த வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், சூப்பில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டு எழுது, இங்கே ஒருவருக்கு உடம்பில் சதை பிடிக்க வேண்டியிருக்கிறது.

தலையைத் துவட்டாமல் ஈரத்தோடு வெளியே போகாதே, மூக்கடைப்புக்கு அதுதான் காரணம். வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. நீ எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்க வேண்டும், உன் கை எப்போதும் கொடுக்கிற கையாக இருக்க வேண்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், நான் கேட்டு வாங்கவில்லை, அவராகவே சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் நீ போன் பண்ணும்போது என்றைக்காவது ஒரு நாள், உனக்குப் புரியாத பாஷையில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் எடுத்துப் பேசினால், தப்பான நம்பர் என்று வைத்துவிடாதே. நம் வீடுதான். அந்தப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசு, அப்புறம் என்னைக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
உன் பொறாமைக்கார அம்மா